திசுவுக்கு எல்லைக்கல்

கொட்டாம்பட்டி வட்டாரத்தில் ஒரு நிலத்தின் எல்லை மூன்று வடிவில் இருக்கிறது: வயலில் வரப்பாகவும், மூலைகளில் ஊன்றிய சர்வே கல்லாகவும், அரசின் புலப்படத்தில் கோடும் எண்ணுமாகவும். வரப்பு மழையில் கரையலாம், உழவின்போது சிறிது சிறிதாக நகரலாம், கல்லும் பெயர்ந்து போகலாம். ஆயினும் இன்ன கல்லிலிருந்து இன்ன கல்லுக்கு இத்தனை மீட்டர் என்னும் அளவு புலப்படத்தில் பதிவாகியிருப்பதால், நில அளவர் வந்து அளந்து அதே எல்லையை மறுபடியும் நிறுவ முடிகிறது. இதற்கு நிகரான ஒரு வேலை இன்று மருத்துவ ஆய்வுக்கூடங்களில், மனித உடலிலிருந்து எடுத்த திசுவின் மெல்லிய சீவலைப் பெரிதாக்கிக் காட்டும் கணினிப் படத்தின்மீது, மவுஸாலும் மின்பேனாவாலும் நடந்துகொண்டிருக்கிறது. படத்தில் இந்தப் பகுதி புற்றுத்திசு, இது இயல்பான தோற்படலம், இது கொழுப்பு, இது அழிந்துபோன திசு என்று ஒவ்வொன்றையும் கண்ணால் கண்டறிந்து, அதைச் சுற்றிக் கையால் கோடு வரைந்து பெயரிடும் அந்த வேலையை ஆய்வாளர்கள் அனோட்டேஷன் என்பர். தமிழில் அதை எல்லை குறித்தல் என்றே சொல்லிவிடலாம்.

கோடு வரையப்படும் படம் எப்படி உருவாகிறது என்பதிலிருந்து தொடங்குவது நல்லது. வெற்றிலை, பாக்கு, புகையிலையை நெடுங்காலம் மென்று வந்த ஒருவரின் கன்னத்தின் உட்புறத்தில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ தோன்றினால், கொட்டாம்பட்டி, கருங்காலக்குடி போன்ற ஊர்களிலிருந்து அவர் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனை ஒன்றுக்குச் செல்ல நேர்கிறது. அங்கே அந்தப் புண்ணின் விளிம்பிலிருந்து பயாப்ஸிக்காகச் சிறு சதைத்துண்டு ஒன்று எடுக்கப்படுகிறது. அந்தத் துண்டு அழுகாதபடி ஃபார்மலினில் ஊறவைக்கப்பட்டு, நீர் நீக்கப்பட்டு, உருகிய பாரஃபின் மெழுகில் பதிக்கப்பட்டு, பிளாக் என்று ஆய்வகத்தார் சொல்லும் மெழுகுக் கட்டியாகிறது. மைக்ரோடோம் என்னும் சீவும் கருவி அந்தக் கட்டியிலிருந்து 3 முதல் 5 மைக்ரான் தடிமனில் ஏடுகளைச் சீவித் தருகிறது. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பதால், இந்த ஏடு தலைமயிரின் தடிமனில் பத்தில் ஒரு பங்குகூட இருப்பதில்லை. மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் பாறையை அறுத்து மெருகேற்றிய பிறகே அதன் உள்ளோட்டம் தெரிவதுபோல, திசுவும் சீவிச் சாயமேற்றிய பிறகே தன் அமைப்பைக் காட்டுகிறது. மத்திய அமெரிக்க மரம் ஒன்றின் வைரப்பகுதியிலிருந்து பெறப்படும் ஹெமடாக்சிலின் சாயம் செல்லின் உட்கருவை நீலம் கலந்த ஊதா ஆக்குகிறது. இயோசின் சாயம் செல்லின் மற்றப் பகுதிகளையும் நார்த்திசுவையும் இளஞ்சிவப்பாக்குகிறது. உலகெங்கும் நோயியல் மருத்துவர் பார்க்கும் பெரும்பாலான ஸ்லைடுகள் இந்த இரு நிறங்களில்தான் இருக்கின்றன.

முன்பெல்லாம் அந்தக் கண்ணாடி ஸ்லைடை நுண்நோக்கியின் அடியில் வைத்து, ஐயத்துக்குரிய இடத்தில் பேனாவால் ஒரு மைப்புள்ளி வைப்பதே எல்லை குறித்தலாக இருந்தது. ஸ்லைடு முழுவதையும் வரிவரியாகப் படம் பிடித்து ஒரே படமாக இணைக்கும் ஸ்கேனர்கள் வந்த பிறகு நிலைமை மாறியது. அரை மைக்ரானுக்கு ஒரு பிக்ஸல் என்ற நுட்பத்தில் ஸ்கேன் செய்தால், ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு 20,000 பிக்ஸல்கள் வருகின்றன. ஆகவே ஒரு சதுர சென்டிமீட்டர் திசுவுக்கு மட்டும் 40 கோடி பிக்ஸல்கள், அதாவது 5 கோடி பிக்ஸல் கொண்ட கைப்பேசிப் படம் எட்டின் அளவு, தேவைப்படுகிறது. நுட்பத்தை இரட்டித்துக் கால் மைக்ரானுக்கு ஒரு பிக்ஸல் என்றாக்கினால் அந்த எண்ணிக்கை நான்கு மடங்காகி 160 கோடியைத் தொடுகிறது. இத்தனை பெரிய படத்தை எந்தத் திரையிலும் ஒருசேரக் காட்ட இயலாது என்பதால், அதே படம் பல அளவுகளில் அடுக்கடுக்காகச் சேமிக்கப்படுகிறது. பார்ப்பவர் பெரிதாக்கும்தோறும் கணினி கீழடுக்கிலிருந்து அந்தச் சிறு பகுதியை மட்டும் எடுத்துத் தருகிறது. மாவட்ட வரைபடத்திலிருந்து வட்ட வரைபடத்துக்கும், அதிலிருந்து கிராம வரைபடத்துக்கும், கடைசியில் ஒற்றைப் புலத்தின் படத்துக்கும் இறங்குவது போன்ற ஏற்பாடு இது.

எல்லை குறிப்பவர் முதலில் மேலடுக்கில், அதாவது குறைந்த பெருக்கத்தில், திசுவின் மொத்த அமைப்பைப் பார்த்துத் தோராயமாக ஒரு கோடு இடுகிறார்; பிறகு பெருக்கத்தைக் கூட்டி, செல்கள் ஒவ்வொன்றாகத் தெரியும் நிலையில் அந்தக் கோட்டைத் திருத்துகிறார். கோடு என்று கண்ணுக்குத் தெரிவது உண்மையில் புள்ளிகளின் வரிசையே: ஒவ்வொரு புள்ளியும் படத்தின் இடமிருந்து இத்தனையாவது பிக்ஸல், மேலிருந்து இத்தனையாவது பிக்ஸல் என்று இரண்டு எண்களாகப் படத்துக்குப் புறத்தே ஒரு தனிக் கோப்பில் பதிவாகிறது. படத்தைத் தொடாமலேயே கோட்டை அழிக்கவும் திருத்தவும் இயல்வதும், ஒரே படத்துக்கு மூன்று மருத்துவர்களின் மூன்று கோடுகளைத் தனித்தனியே வைத்துக்கொள்ள இயல்வதும் இதனால்தான். ஒரு சுரப்பியை வளைத்துக் கோடு வரைந்தால் நடுவிலுள்ள வெற்றுக் குழாயை விலக்கி இன்னொரு கோடு வரைய வேண்டும். ஏடு மடிந்த இடம், காற்றுக் குமிழி, சாயம் திட்டாகப் படிந்த இடம் ஆகியவற்றுக்கும் தனிப் பெயரிட வேண்டும். இந்த வேலைக்காகப் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் பீட்டர் பேங்க்ஹெட் உருவாக்கி, 2017இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்ட கியூபாத் என்னும் மென்பொருள் யாவரும் இலவசமாகப் பயன்படுத்தத் தக்கது; வசதி குறைந்த கல்லூரி ஆய்வகங்களுக்கு அது பெரிய கொடை.

கருவிகள் எவ்வளவு செம்மையானாலும், கோட்டை எங்கே இடுவது என்பது மனிதர் எடுக்கும் முடிவாகவே இருக்கிறது. மேலே சொன்ன வாய்ப்புண்ணையே எடுத்துக்கொள்ளலாம். வாயின் உட்புறத் தோற்படலத்துக்கும் அதன் கீழுள்ள நார்த்திசுவுக்கும் இடையே அடிப்படலம் என்னும் மிக மெல்லிய சவ்வு இருக்கிறது; மாறுபட்ட செல்கள் அந்தச் சவ்வுக்கு மேலேயே தங்கியிருக்கும்வரை அது புற்றுக்கு முந்திய நிலையாகவும், சவ்வை உடைத்துக் கீழே இறங்கிவிட்டால் ஊடுருவும் புற்றாகவும் கொள்ளப்படுகிறது. ஆனால் ஹெமடாக்சிலினும் இயோசினும் ஏற்றிய ஸ்லைடில் அந்தச் சவ்வு தெளிவான கோடாகத் தெரிவதில்லை. சீவும் கத்தி செங்குத்தாக அல்லாமல் சாய்வாகப் போயிருந்தால், தோற்படலத்தின் இயல்பான கீழ்மடிப்புகளே நார்த்திசுவுக்குள் தனித்து நிற்கும் தீவுகள்போலத் தோன்றி, ஊடுருவலோ என்று ஐயுற வைக்கின்றன. உடலின் எதிர்ப்புச் செல்கள் திரண்டு வந்து மொய்த்த இடத்தில் எல்லை முழுவதுமாக மங்கிவிடுகிறது. தனித்தனிச் செல்களாகச் சிதறிப் பரவும் புற்றாக இருந்தால் இன்னொரு கேள்வி எழுகிறது: சிதறிய ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கோடு போடுவதா, அல்லது அவற்றுக்கு இடைப்பட்ட நார்த்திசுவையும் சேர்த்து மொத்தமாக வளைப்பதா? முன்னதைச் செய்தால் நாட்கணக்கில் ஆகும். பின்னதைச் செய்தால் புற்று அல்லாததும் புற்றின் பெயரில் பதிவாகும். இரண்டுமே தவறல்ல, ஆனால் ஒரே ஆய்வில் ஒருவர் முன்னதையும் மற்றவர் பின்னதையும் செய்துவிட்டால் அந்த ஆய்வின் கணக்குகள் அனைத்தும் ஐயத்துக்குரியவை ஆகிவிடும்.

இருவர் வரைந்த எல்லைகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை அளக்க, 1945இல் லீ டைஸ் என்பவர் உயிரினங்களின் பரவலை ஒப்பிடுவதற்காகத் தந்த ஓர் எளிய கணக்கு இன்று பெருவழக்காக உள்ளது. ஒருவர் வளைத்த பரப்பு 100 அலகு, மற்றவர் வளைத்தது 80 அலகு, இருவருக்கும் பொதுவானது 72 அலகு என்றால், பொதுப்பரப்பை இரட்டித்துக் கிடைக்கும் 144ஐ, இரு பரப்புகளின் கூட்டுத்தொகையான 180ஆல் வகுக்க 0.8 கிடைக்கிறது; முழு ஒப்புமைக்கு 1, அறவே ஒப்பாமைக்கு 0. இந்த எண்ணைப் படிப்பதில் ஒரு கவனம் வேண்டும். பெரிய பகுதியில் கோடு ஐந்து பிக்ஸல் விலகினாலும் எண் பெரிதாக அசைவதில்லை. ஆனால் ஓர் உட்கருவைச் சுற்றிய சிறு வட்டத்தில் அதே ஐந்து பிக்ஸல் விலகல் எண்ணைச் சரித்துவிடுகிறது. பத்து ஏக்கர் தோப்பில் ஒரு முழம் தள்ளிப் போட்ட வேலிக்கும், இரண்டு சென்ட் மனையில் ஒரு முழம் தள்ளிப் போட்ட வேலிக்கும் உள்ள வேறுபாடு இது.

இத்தனை உழைப்பும் எதற்கு என்றால், முதன்மையாகக் கணினிக்குக் கற்பிப்பதற்கு. கையால் வரைந்த எல்லைகளைப் பார்த்துப் பார்த்து, எந்த நிறமும் வடிவமும் எந்தப் பெயருக்கு உரியவை என்பதைக் கணினி தானே வகுத்துக்கொள்கிறது. நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2016இல் நடத்திய காமெலியோன் போட்டியில், மார்பகப் புற்று அக்குளின் நிணநீர்க் கணுவுக்குப் பரவியிருக்கிறதா என்று கண்டறிவதற்காக 400 ஸ்லைடுப் படங்கள் தரப்பட்டன. ஐயம் எழுந்த இடங்களில், புற்றுச் செல்களை மட்டும் தனி நிறத்தில் காட்டும் வேறொரு சாயத்தின் துணைகொண்டு எல்லைகள் சரிபார்க்கப்பட்டன. இந்தியாவில் அமித் சேத்தியும் உடனாய்வாளர்களும் 2017இல் வெளியிட்ட தொகுப்பில், 7 உறுப்புகளைச் சேர்ந்த 30 சிறு படங்களில் மட்டும் 21,000க்கு மேற்பட்ட உட்கருக்கள் ஒவ்வொன்றாகக் கையால் வளைக்கப்பட்டிருந்தன. அவற்றை வரைந்தவர்கள் மாணவர்கள், சரிபார்த்தவர் நோயியல் வல்லுநர். அந்த எண்ணிக்கையின் பின்னே உள்ள கண்வலியையும் மணிக்கட்டு வலியையும் எண்ணிப் பார்த்தால், கணினி தானாகக் கற்றது என்று பேசுவது எவ்வளவு முழுமையற்ற பேச்சு என்பது விளங்கும்.

மதுரைக்கும் இந்த வரலாற்றில் ஓர் இடம் உண்டு, ஆனால் அது நுண்நோக்கிப் படத்தில் அல்ல, விழித்திரைப் படத்தில். சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பைக் கணினி கண்டறிவது குறித்து கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட கட்டுரைக்கு, மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, சங்கர நேத்ராலயா, நாராயண நேத்ராலயா ஆகிய இந்திய மருத்துவமனைகளின் படங்களும் பயன்பட்டன. 1,28,175 படங்கள், 54 மருத்துவர்களைக் கொண்ட குழுவால், ஒவ்வொன்றும் 3 முதல் 7 முறை தரம்பிரிக்கப்பட்டன. அங்கே எல்லைக்கோடு இல்லை, படம் முழுமைக்கும் ஒரே தீர்ப்புத்தான். அப்படியிருந்தும் மருத்துவர்களின் தீர்ப்புகள் வேறுபட்டன. 2018இல் வெளியான தொடராய்வில், விழித்திரை வல்லுநர்கள் கூடிப் பேசி ஒருமித்து முடிவெடுத்த சிறிய தொகுதி ஒன்றைக் கொண்டே கணினியின் தேர்ச்சியை உயர்த்த முடிந்தது. தலைக்கணக்கில் பெரும்பான்மையைப் பார்ப்பதைவிட, கருத்து வேறுபட்டவர்களை ஒரே படத்தின் முன் அமர்த்திக் காரணம் சொல்லவைப்பது மேல் என்பதற்கு இது நல்ல சான்று.

திசுப்படத்தில் எல்லை குறித்தல் தமிழ்நாட்டில் எட்டியிருக்கும் உச்சத்தைக் காண மதுரையிலிருந்து சென்னைக்குச் செல்ல வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில், இன்ஃபோசிஸ் நிறுவனர்களுள் ஒருவரான கிரிஸ் கோபாலகிருஷ்ணனின் நிதியுதவியுடன் 2022இல் தொடங்கப்பட்ட சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், மோகனசங்கர் சிவப்பிரகாசத்தின் தலைமையில், கருவிலுள்ள மனித மூளையின் முப்பரிமாண அட்லஸ் ஒன்றை உருவாக்கி 2024 டிசம்பரில் உலகின் பார்வைக்கு வைத்தது. மெடிஸ்கேன், சவீதா மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகிய சென்னை நிறுவனங்களும், ஆஸ்திரேலியா, அமெரிக்கா, ருமேனியா, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளின் ஆய்வாளர்களும் இதில் பங்கேற்றனர். அட்லஸின் பெயர் தரணி. மூளையை நிலமாகக் கண்டு அளந்தவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வாய்த்திருக்க முடியாது. ஐ.ஐ.டி. இருக்கும் பகுதிக்கு நில அளவையோடு இன்னும் பழைய உறவு உண்டு: 1794இல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரி அருகிலேயே இருக்கிறது, இந்தியத் துணைக்கண்டத்தை முக்கோணங்களாக அளந்த பெரும்பணியின் அடிக்கோட்டை வில்லியம் லாம்ப்டன் 1802இல் அளந்தது சில கல் தொலைவிலுள்ள பரங்கிமலைப் பக்கத்தில்தான்.

தரணிக்காக, கருவுற்ற 14ஆம் வாரத்திலிருந்து 24ஆம் வாரம் வரையிலான, இறப்புக்குப் பின் பெறப்பட்ட மூளைகள் உறையவைத்துச் சீவப்பட்டன. அவை ஒவ்வொன்றின் பின்னும் ஒரு குடும்பத்தின் இழப்பு இருக்கிறது என்பதை மறக்கலாகாது. மொத்தம் 5,132 சீவல்கள் அரை மைக்ரானுக்கு ஒரு பிக்ஸல் என்ற நுட்பத்தில் படமாக்கப்பட்டன. அவற்றுள் 466 சீவல்களில், அதாவது ஏறத்தாழ பதினொன்றுக்கு ஒன்றில், சுமார் 500 மூளை அமைப்புகளின் எல்லைகள் குறிக்கப்பட்டுள்ளன. ஒப்பிட்டுப் பார்க்க, ஜெர்மனியின் யூலிஷ், கனடாவின் மான்ட்ரியல் ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட மூளை அட்லஸ், 65 வயதுப் பெண் ஒருவரின் மூளையை 20 மைக்ரான் தடிமனில் 7,404 சீவல்களாக்கி உருவாக்கப்பட்டது. வளர்ந்த மூளைக்கு அது. வளரும் மூளைக்கு இது.

வளரும் மூளையில் எல்லை குறிப்பது தனிச் சிக்கல் உடையது, ஏனெனில் அங்கே எல்லையே நடமாடிக்கொண்டிருக்கிறது. மூளையின் உட்குழிகளை ஒட்டிய படலத்தில் பிறக்கும் நரம்புச் செல்கள் அங்கிருந்து புறப்பட்டு வெளிப்புறம் நோக்கி நகர்ந்து, பிற்காலத்தில் பெருமூளைப் புறணியாகப்போகும் தட்டில் போய் அடுக்கடுக்காக அமர்கின்றன. அந்தத் தட்டுக்குக் கீழே இடைக்காலத்துக்கு மட்டும் தோன்றித் தடித்து, பின்னர்ப் பெரும்பாலும் கரைந்துபோகும் ஒரு படலமும் உண்டு. வளர்ந்தவர் மூளையை மட்டும் கற்ற ஒருவர் அதைப் பார்த்திருக்கவே மாட்டார். வழியில் செல்கின்ற செல்கள் எந்தப் படலத்தைச் சேர்ந்தவை என்னும் கேள்விக்குச் செல்லின் நெருக்கத்தையும், வடிவத்தையும், அண்டைச் சீவலையும் பார்த்தே விடை காண வேண்டியிருக்கிறது. 17ஆம் வாரத்தில் சரியாக இருந்த விதி 24ஆம் வாரத்தில் பொருந்தாமல் போகிறது. செல் உடல்களைச் சாயமிட்டுக் காட்டும் நிஸ்ஸல் முறையே இங்கும் முதன்மையான துணை. கோர்பினியன் பிராட்மன் 1909இல் மனிதப் பெருமூளைப் புறணியை 52 வரை எண்ணிட்டுப் பிரித்ததும் அதே சாயத்தின் துணையால்தான். ஆனால் அதற்குப் பதினாறு ஆண்டுகள் கழித்து வான் எகானமோவும் காஸ்கினாஸும் அதே புறணியை 107 பகுதிகளாகப் பிரித்தனர். இரு தரப்பில் எவரும் திசுவைத் தவறாகப் பார்த்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. எந்த அளவு வேறுபாடு ஒரு தனி எல்லைக்குத் தகுதியானது என்பதில் அவர்கள் கொண்ட அளவுகோல்கள் வேறாக இருந்தன.

அளவுகோலை எழுதி வைப்பது கோட்டை வரைவதற்கு இணையான வேலை என்பதும், அந்த வேலைதான் பெரும்பாலும் புறக்கணிக்கப்படுகிறது என்பதும் இங்கே அழுத்திச் சொல்லப்பட வேண்டும். கோடு எந்தப் பெருக்கத்தில் வரையப்பட்டது, எத்தனை செல்கள் வரை கூட்டமாகக் கொள்ளப்பட்டன, நார்த்திசு உள்ளே சேர்க்கப்பட்டதா, ஐயத்துக்குரிய பகுதிக்குத் தனிப் பெயர் உண்டா, வரைந்தவர் மாணவரா மருத்துவரா, திருத்தியவர் யார், எந்த நாளில் என்பவையெல்லாம் கோப்போடு சேர்ந்தே இருந்தால்தான் அடுத்து வருபவர் அதே எல்லையை மறுபடியும் அடைய முடியும். இவற்றுள் மிக எளிதில் விட்டுப்போவது, குறிக்கப்படாத இடத்தின் பொருள். படத்தில் ஒரு பகுதியைச் சுற்றிக் கோடு இல்லையென்றால், அங்கே நோய் இல்லை என்று பொருளா, அல்லது அந்தப் பகுதியை யாரும் இன்னும் பார்க்கவில்லை என்று பொருளா? மனிதருக்கு இந்த இரண்டும் வேறு வேறு. கற்கின்ற கணினிக்கோ இரண்டும் ஒன்றே, அது பார்க்கப்படாத புற்றையும் நலமான திசு என்றே மனப்பாடம் செய்துகொள்ளும். ஆகவே முழுவதும் பார்த்து முடித்த பரப்பைச் சுற்றி ஒரு பெரிய கட்டம் இட்டு, அதற்குள் குறிக்காதவை எல்லாம் இயல்பானவை, அதற்கு வெளியே உள்ளவை பார்க்கப்படாதவை என்று தெளிவுபடுத்தும் வழக்கம் கவனமான குழுக்களிடம் இருக்கிறது. அரசுப் பதிவேட்டில் ஒரு நிலம் தரிசு என்று எழுதியிருப்பதற்கும் அந்த வரியே எழுதாமல் விடப்பட்டிருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த மக்களுக்கு இதை விளக்க அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

சாயத்தின் வேறுபாடும் இதோடு சேர்கிறது. ஓர் ஆய்வகத்தில் ஹெமடாக்சிலின் அடர்ந்தும், இன்னோர் ஆய்வகத்தில் வெளிறியும் ஏறுவது இயல்பு. தண்ணீரின் தன்மையும், சாயம் கலந்து வைத்த நாட்களும், ஏட்டின் தடிமனும் நிறத்தை மாற்றுகின்றன. வெளிநாட்டு மருத்துவமனை ஒன்றின் படங்களில் மட்டும் வரைந்த எல்லைகளைக் கற்ற கணினி, மதுரையில் சாயமேற்றிய ஸ்லைடைப் பார்த்துத் தடுமாற இடமுண்டு. வாய்ப்புற்று தமிழ்நாட்டுக்கும் இந்தியாவுக்கும் பெருஞ்சுமையாக இருக்கும் நோய் என்பதால், அதன் எல்லைகளை இங்குள்ள திசுக்களில், இங்குள்ள மருத்துவர்களும் மாணவர்களும் அமர்ந்து வரைய வேண்டிய தேவை இருக்கிறது. அந்த உழைப்புக்கு உரிய ஊதியமும், கட்டுரைகளில் உரிய பெயரும் கிடைக்க வேண்டும் என்பதும் அதே தேவையின் பகுதியே.

வரைந்தவரின் முடிவே கடைசி முடிவு என்று ஆகிவிடாமல் காப்பது, இந்தத் துறையில் ஒரு சாதாரணப் பொருள்: மெழுகுக் கட்டி. கற்கும் கணினிக்குத் தரப்படும், மனிதர் வரைந்த எல்லைக்கு ஆய்வாளர்கள் கிரவுண்ட் ட்ரூத் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வானிலிருந்து எடுத்த நிலப்படத்தைத் தரையில் நடந்துபோய்ச் சரிபார்ப்பவர்களிடம் வழங்கும் சொல்லும் அதுவே. திசுவைப் பொறுத்தவரை அந்தத் தரை ஸ்லைடும் அல்ல, திரையில் தெரியும் படமும் அல்ல. அவை இரண்டும் தரையிலிருந்து எடுத்த பிரதிகள் மட்டுமே. நோயாளியின் எண் எழுதி அடுக்கி வைத்த பிளாக்குகள் அறை வெப்பத்தில் பல ஆண்டுகள் கெடாமல் நிற்கின்றன. ஓர் எல்லையில் இரு மருத்துவர்கள் உடன்படவில்லை என்றால், அந்தக் கட்டியை மறுபடி மைக்ரோடோமில் பொருத்தி, முன்பு சீவிய இடத்துக்கு அடுத்த நான்கு மைக்ரானைச் சீவி, அடிப்படலத்தையோ புற்றுச் செல்லையோ தனி நிறத்தில் காட்டும் சாயத்தை ஏற்றி, அந்தப் புதிய ஏட்டின் படத்தைப் பழைய படத்தின்மேல் பொருத்திப் பார்த்து, கோடு நிற்க வேண்டிய இடத்தைத் திருத்துகிறார்கள். பழைய கோடும் அழிக்கப்படாமல், திருத்திய நாளோடும் காரணத்தோடும் அதே கோப்பில் கிடக்கிறது.